செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை

வணக்கம் நேயர்களே. காலையில் வண்டியில் ஏறி சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "பேட்டரி இறங்கியிருக்கும்" என்பார். பேட்டரி இறங்கியிருந்தால் செல்ஃப் இவ்வளவு ஜோராக அடிக்குமா? அடுத்து ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பிளக்குக்குக் கரண்ட்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலை. சாயங்காலத்துக்குள் பாதி வண்டியை மாற்றியிருப்பீர்கள், வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கோத்தகிரியில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பாதி பழைய மாருதி ஜிப்ஸி, மீதி பழைய ஜீப். ஜிப்ஸி என்றால் 1985-ல் வந்ததே, 970 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் வைத்த வண்டி, அதைத்தான் சொல்கிறேன். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு வேறு கதை, அதை இன்றைக்குத் தொடவில்லை.

நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான். கரண்ட்டா, பெட்ரோலா? இரண்டில் எது வரவில்லை என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் காது. போனட்டைத் திறக்காமல் கேளுங்கள். நல்ல இன்ஜினைச் செல்ஃப் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும்: ஊவ்... ஊவ்... ஊவ்... ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் கொஞ்சம் திணறும், அந்தத் திணறல்தான் தாளம். அது இல்லாமல் விர்ர்ர்ரென்று மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரே சீராகச் சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். (ஸ்டுடியோவில் சிரிக்கிறார்கள். சத்தத்தைச் சத்தமாகத்தானே சொல்ல முடியும்!) ஜிப்ஸியில் இதைப் பார்ப்பது சுலபம். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜின் ஹெட்டின் பின்பக்கம் இருக்கிறது, அதைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது அந்தப் பெல்ட். மூடியைக் கழற்றிவிட்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது, அதோடு சாவியை எடுத்துவிடுங்கள்.

தாளம் சரியாக இருக்கிறதா? அப்போது கரண்ட்டா, பெட்ரோலா. ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் இல்லை, அல்லது பெட்ரோல் அதிகமாகிவிட்டது. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. அந்தப் பிளக்கை அதன் வயரிலேயே மாட்டி, இரும்பு உடம்பு இன்ஜினைத் தொடுகிற மாதிரி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று வந்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக நோஞ்சானாக வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், கோளாறு கரண்ட் பக்கம். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, இதைத் திரும்பச் சொல்கிறேன், சிந்தியிருக்கவே கூடாது.

இங்கே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறு தேயிலை விவசாயி, ஜிப்ஸி வைத்திருந்தார். எங்கள் பக்கம் ஊட்டி மாதிரி இல்லை, ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. அந்த இரண்டு மாசமும் அவர் வண்டி காலையில் பிடிக்காது. என்னிடம் வருவதற்குள் வேறு இடங்களில் பிளக், காயில், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்றிவிட்டார்கள். நான் போனேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன், ஒரே அடியில் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை போன் வந்தது. திரும்பப் போனேன், துடைத்தேன், பிடித்தது. மூன்றாவது நாளும் அதே கதை. பெரியவர் டீ கொடுத்துவிட்டு, "தம்பி, வெயில் வந்தா அதுவே பிடிச்சுக்குது. நமக்குத்தான் பிடிக்க மாட்டேங்குது" என்றார். என்னை வேறு சேர்த்துக்கொண்டார் பாருங்கள்.

அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கினேன். விடியற்காலை ஐந்து மணி, மூடுபனி, கை தெரியாத இருட்டு. டார்ச்சை அணைத்துவிட்டு, போனட்டைத் திறந்து வைத்து, அவர் பேரனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மூடியின் நடுவில் காயில் வயர் இறங்குகிற இடத்திலிருந்து, மூடியைப் பிடித்திருக்கிற இரும்புக் கிளிப் வரைக்கும், நூல் மாதிரி ஒரு நீல வெளிச்சம் ஊர்ந்தது. செல்ஃப் நின்றதும் அதுவும் நின்றது. விடிந்ததும் அந்த இடத்தைப் பார்த்தால் ஒரு தலைமுடி ஒட்டியிருக்கிற மாதிரி இருந்தது, நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. பென்சிலால் கோடு போட்ட மாதிரி கரி படிந்திருந்தது. ஈரம் அந்தக் கோட்டில் உட்கார்ந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் கிளிப் வழியாக இன்ஜினிலேயே இறங்கிவிடும். மூன்று நாளாக ஈரத்தைத்தான் துடைத்தேன், கோட்டைத் துடைக்க முடியுமா? மூடியை மாற்றினோம், அந்தக் கார்த்திகை முழுக்க வண்டி ஓடியது. அதிலிருந்து மழைக்கால வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் இருட்டில் பார்க்கிறேன். வீட்டில் திட்டத்தான் செய்கிறார்கள்.

சரி, கரண்ட் வருகிறது என்றால் பெட்ரோல். ஏர் கிளீனர் மூடியைத் திறந்து கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். செல்ஃப் அடிக்காமல், திராட்டிலைக் கையால் இழுத்தால் ஊசி போட்ட மாதிரி மெல்லிசாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சினால் கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், திருப்பி வெடித்தால் புருவம் போய்விடும்.

பீச்சவில்லை என்றால் பம்ப்பையே திட்டுவார்கள், நான் ஓஸைப் பார்ப்பேன். டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஓஸ் விரிசல் விட்டால் கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் இருக்கலாம், ஏனென்றால் அது உறிஞ்சுகிற பக்கம். பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை, ஊறி, உப்பி, வெடித்துவிடுகிறது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாசக்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம்.

இன்னொன்று, மலைக்காரர்களுக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். காற்று கம்மி, கார்புரேட்டர் கொடுக்கிற பெட்ரோல் கிட்டத்தட்ட அதே. கோயமுத்தூர் நண்பர் மேலே வந்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கை முழுசாக இழுத்து, ஆக்ஸிலேட்டரை நாலு தடவை மிதித்தால் பிளக் குளித்துவிடும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்து, மிதித்து மிதித்து விடாமல், பத்து வினாடி செல்ஃப் அடியுங்கள். பிடிக்கவில்லையா, அரை நிமிஷம் செல்ஃப் ஆறட்டும், அப்புறம் இன்னொரு தடவை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். டீசல் ஜீப்புக்குத்தான் நிறையக் குறித்து வைத்திருந்தேன், நேரத்தை அந்தப் பெரியவர் தின்றுவிட்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். டீசலில் பிளக் நெருப்பு கிடையாது, ஆகவே பெரும்பாலும் ஏர் லாக், அதாவது டீசல் பைப்பில் காற்று அடைத்துக்கொள்வது. ஃபில்டர் மேலே இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீட் பம்ப்பைக் கையால் அடியுங்கள், நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை, அப்புறம் இறுக்குங்கள். இன்ஜெக்டர் பைப் பக்கம் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஹீட்டர் பிளக் சூடாக அவகாசம் கொடுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்த இழுப்போமே ஒரு குமிழ், அது முழுசாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள், அது வெளியே நின்றதைக் கவனிக்காமல் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள்... சரி, கையையே ஆட்டுகிறார்கள். வணக்கம்.