சபை மாறின பாஸ்டருக்கு என்ன கிடைச்சுது?

எல்லாருக்கும் வணக்கம். ஒருத்தர் சபை மாறிட்டாருன்னா நம்ம ஆளுங்க கேக்கற முதல் கேள்வியே "எவ்வளவு வாங்கினாரு"தான், அதான் இன்னைக்கு அமெரிக்க பாஸ்டர் பார்ட்டன் ஸ்டோன் பத்தி பேசலாம்னு வந்தேன், இவர் கணக்கு தலைகீழ்.

1798, அமெரிக்காவோட கென்டக்கி. அது மாநிலமாகி ஆறே வருஷம், சுத்தி காடு. கேன் ரிட்ஜ்ல மரக்கட்டை அடுக்கிக் கட்டின பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டண்ட்ல ஒரு பிரிவு) சர்ச்சு. இவருக்கு குருப்பட்டம் குடுக்கறப்ப, சபையோட விசுவாச அறிக்கையை ஏத்துக்கறீங்களான்னு கேட்டாங்க. வேதத்தோட ஒத்துப்போற வரைக்கும் ஏத்துக்கறேன்னாரு. அங்கயே ஒரு கால் வாசப்படிக்கு வெளியதான்!

1801 ஆகஸ்ட்ல அதே இடத்துல எழுப்புதல் கூட்டம், அதாவது ஜனங்களோட பக்தியைத் தட்டி எழுப்பற பிரசங்கக் கூட்டம். அந்தப் பக்கத்து பெரிய ஊரு லெக்சிங்டன்லயே ஜனம் 2000 தேறாது, இங்க வந்தது 10,000க்கு மேலங்கறாங்க, 20,000க்கும் மேலன்னு சொல்றவங்களும் உண்டு. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் பிரசங்கியாருங்களும் வந்து ஒருத்தர் வண்டி மேல, ஒருத்தர் வெட்டின மரத்து மேலன்னு ஒரே நேரத்துல முழங்கறாங்க, ஜனங்க செத்த மாதிரி விழறாங்க, சிலருக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. கிட்டத்தட்ட ஒரு வாரம். ஆர்வம் குறைஞ்சு முடியலீங்க, சுத்துவட்டாரத்துல சாப்பாடு தீர்ந்து முடிஞ்சுது.

இங்கதான் சிக்கலே. யார் ரட்சிக்கப்படணும்னு கடவுள் முன்னாடியே குறிச்சுட்டாருங்கறது சபை உபதேசம், அப்ப எதிர்ல நிக்கற அத்தனை பேரையும் பாத்து இப்பவே விசுவாசிங்கன்னு எந்த வாயால சொல்றது? 1803ல இவரோட சேத்து அஞ்சு பாஸ்டருங்க சினாடை (சபையோட மேல்மட்ட நிர்வாகக் குழு) விட்டு வெளிய வந்து தனியா ஒரு பிரஸ்பிட்டரி (வட்டார நிர்வாகக் குழு) ஆரம்பிச்சாங்க, மறு வருஷம் ஜூன்லயே அதுக்கும் உயில் எழுதி கலைச்சுட்டாங்க. இனிமே வெறும் கிறிஸ்தவங்க, அவ்வளவுதான்.

சம்பளம்? சபை ஜனங்களைக் கூப்பிட்டு, இவ்வளவு தர்றோம்னு அவங்க எழுதிக் குடுத்த பத்திரத்தை அவங்க முன்னாடியே கிழிச்சாரு. அடிமைங்களையும் விடுதலை பண்ணிட்டாரு (ஆமா, பாஸ்டர்கிட்டயும் அடிமைங்க இருந்தாங்க, அந்தக் காலத்து கென்டக்கி அப்படி). அப்புறம் நிலத்துல யாரு பாடுபடறது? பிரசங்கம் பண்ணிட்டு வந்து, ஊரே தூங்கற நேரத்துல சோளக்காட்டுல களை எடுத்தாரு.

கூட வந்த நாலு பேர்ல ரெண்டு பேர், கல்யாணமே கூடாதுங்கற ஷேக்கர்ஸ்ங்கற கிறிஸ்தவக் குழு கிட்ட போயிட்டாங்க, மத்த ரெண்டு பேர் 1811ல பழைய சபைக்கே திரும்பிட்டாங்க. இவர் மட்டும் அசையல. 1832ல லெக்சிங்டன்ல, இவரை மாதிரியே பிரிவு வேணாம்னு சொன்ன பிரசங்கியார் அலெக்சாண்டர் கேம்ப்பெல்லோட ஆளுங்களும் இவர் ஆளுங்களும் கை குடுத்து ஒண்ணாயிட்டாங்க, ஆனா பேர் வைக்கறதுல ஒத்துப்போகல, இவருக்கு கிறிஸ்தவங்க, கேம்ப்பெல்லுக்கு சீடர்கள். பிரிவே வேணாம்னு கிளம்பின அந்தக் கூட்டம் பிற்பாடு மூணா பிரிஞ்சுது, அதுல ஒண்ணு இன்னைக்கும் ரெண்டு பெயரையும் விடாம "கிறிஸ்டியன் சர்ச், டிசைப்பிள்ஸ் ஆஃப் கிரைஸ்ட்"னு தான் போர்டு மாட்டியிருக்கு.