சின்சில்லா சாப்பிடாமல் இருந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்

(திரையில்: கூண்டின் அடித்தட்டு, நெருக்கமாக)

வணக்கம். உங்கள் வீட்டில் சின்சில்லா என்ற, அடர்ந்த முடியுள்ள சிறு கொறிக்கும் பிராணி வளர்கிறது என்றால், காலையில் எழுந்ததும் முதலில் கூண்டின் தட்டைப் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கும் சின்சில்லா ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் புழுக்கை போடும். நீள்வடிவம், கரும்பழுப்பு நிறம், காய்ந்து கெட்டியாக இருக்கும், நாற்றம் இருக்காது. தட்டு வழக்கத்தைவிடக் காலியாக இருக்கிறதா? புழுக்கை சிறுத்துவிட்டதா? ஈரமாகத் தட்டில் ஒட்டியிருக்கிறதா? இதில் எது இருந்தாலும் அன்றைய முதல் வேலை டாக்டருக்குப் போன் செய்வதுதான்.

நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் "சரி, சாயங்காலம் பார்க்கலாம்" என்று விடுகிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சின்சில்லாவிடம் அந்தப் பழக்கம் வேண்டாம். அரை நாள் முழுக்க அது எதையும் தொடவில்லை என்றால் அது அவசர நிலை. ஏன் என்று சொல்கிறேன்.

(திரையில்: ஆண்டிஸ் மலைச்சரிவு, பிறகு குடலின் எளிய வரைபடம்)

சின்சில்லாவின் சொந்த ஊர் சிலி நாட்டின் மலைப்பகுதி. வறண்ட, குளிர்ந்த, பாறை நிறைந்த நிலம். முரட்டுப் புல்லும் புதர்களும்தான் அங்கே சாப்பாடு. 1923ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் 11 சின்சில்லாக்களை அங்கிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள் என்று சொல்வார்கள். ஊர் மாறினாலும் அதன் வயிறு மாறவில்லை. சத்துக் குறைந்த புல்லை நாள் முழுக்கக் கொறித்து, அதிலிருந்து உயிர் வாழும் வயிறு அது.

புல்லின் நாரைச் செரிக்கும் வேலையை அதன் உடல் தனியாகச் செய்வதில்லை. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து வீணாகாமல் இருக்க, மென்மையான தனிவகைப் புழுக்கை ஒன்றை அது போட்டு, உடனே வாயால் எடுத்துத் தின்றுவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நோய் இல்லை, தேவை.

இந்த அமைப்பு ஓடிக்கொண்டே இருக்க நார் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நார் நின்றால் குடலின் அசைவு மெதுவாகும். அசைவு குறைந்தாலும் நொதித்தல் நிற்காது. மே மாதத்தில் மூடி வைத்த தோசை மாவு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதேபோல உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது, அந்த வாயு மேலே வரவும் வழியில்லை. வயிறு வலிக்கும், வலியால் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மெதுவாகும். இந்தச் சுழலைத்தான் குடல் தேக்கம் என்கிறோம். நேரம் போகப் போக மீட்பது கடினமாகும்.

வலி இருப்பதை அது குரல் கொடுத்துச் சொல்லாது. முதுகைக் கூனி ஒரு மூலையில் உட்காரும். வயிற்றைத் தரையோடு அழுத்தும், உடலை நீட்டி நீட்டிப் படுக்கும், சில சமயம் பல்லை நறநறவென்று கடிக்கும். வயிறு இறுகி உப்பியிருந்தாலோ, மூச்சுக்குத் திணறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

(திரையில்: ஜன்னலுக்கு வெளியே சென்னை வெயில்)

சென்னையில் இதற்கான காரணங்களில் முதலில் வருவது வெப்பம். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே சின்சில்லாவுக்கு ஆபத்து. கத்திரி வெயில் நாட்களில் நம் ஊர் இரவுகளே அந்த அளவுக்குக் கீழே இறங்காது, கூடவே கடற்கரைப் புழுக்கம். ஒரே மயிர்க்காலிலிருந்து 50க்கும் மேற்பட்ட முடிகள் வளரும் உடம்பு அது. ஃபேன் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. நம் வியர்வை காய்வதால்தான் ஃபேன் காற்று நமக்குக் குளிர்கிறது. சின்சில்லாவுக்கு வியர்க்காது. ஏசி அறைதான் வேண்டும், கரண்ட் போனால் அதைச் சமாளிக்கவும் ஏற்பாடு வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் சென்னையில் சின்சில்லா வாங்காதீர்கள். இதை மனதாரச் சொல்கிறேன். வெக்கையில் அது முதலில் சாப்பாட்டைக் குறைக்கும். அப்புறம் குடல் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை வேறு மாதிரி வரும். டிமோதி ஹே எனும் காய்ந்த புல் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும். மக்கிய வாசனை வந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். நெல் வைக்கோல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, அதில் சத்து மிகக் குறைவு. குதிரை மசால் என்ற தீவனப் பயிரை முக்கிய உணவாக்குவதும் சரியில்லை, அதில் கால்சியம் அதிகம். டிமோதி ஹே எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். பெல்லட் எனும் அழுத்திய தீவனத் துண்டுகள் நாளுக்கு ஓரிரு மேசைக்கரண்டி போதும்.

அடுத்தது பாசத்தில் வரும் ஆபத்து. வீட்டுக்கு வரும் அத்தை ஒரு உலர் திராட்சை கொடுப்பார், தாத்தா முந்திரி நீட்டுவார், குழந்தைகள் பிஸ்கட் கொடுப்பார்கள். சின்சில்லா இரண்டு கையாலும் வாங்கித் தின்னும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் சீக்கத்தில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்துக் கழிச்சலிலும் உப்புசத்திலும் கொண்டுபோய் விடும். கழிச்சல் என்றதும் தயிர்சாதம் ஊட்டுவது, உப்புசம் என்றதும் ஓமத் தண்ணீரோ கிரைப் வாட்டரோ கொடுப்பது, இரண்டும் வேண்டாம். அவை நமக்கும் நம் குழந்தைகளுக்கும் உள்ள வைத்தியம்.

(திரையில்: மருந்துக்கடை அலமாரி. இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசவும்)

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கழிச்சலைப் பார்த்துப் பயந்து, தெருமுனை மருந்துக்கடையில் அமாக்ஸிசிலின் சிரப் வாங்கி வந்து சொட்டு சொட்டாக ஊட்டிவிடாதீர்கள். நம் குழந்தைகளுக்கு டாக்டர்கள் சாதாரணமாக எழுதித் தரும் மருந்துதான் அது. வாய்வழியாகக் கொடுத்தால் சின்சில்லாவின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா பெருகி நச்சைச் சுரக்கும். சில நாட்களில் உயிரே போகலாம். ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே வரிசையில் வரும். நாய், பூனைகளையே அதிகம் பார்க்கும் டாக்டரிடம் போனால், மருந்துச் சீட்டு எழுதும்போது "இது சின்சில்லாவுக்கு வாய்வழி கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கழிச்சலுக்கு ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியும் காரணமாக இருக்கலாம். அதனால் போகும்போது புதிய புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள், பரிசோதனைக்கு உதவும்.

எங்கே போவது? வேப்பேரியில் 1903ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் கிளினிக் என்றால், முயல், கினி பிக் பார்த்த அனுபவம் உள்ளவரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்தத் தேடலை நோய் வருவதற்கு முன்பே முடித்து, நம்பரைப் போனில் போட்டு வைப்பது நல்லது. மதிய வெயிலில் ஆட்டோ வேண்டாம், ஏசி கார் பிடியுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி ஹே போடுங்கள், வழியில் ஒரு வாய் கடித்தாலும் நல்லதே.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இருக்கிறதா, வெறும் தேக்கமா என்று பார்ப்பார். வலி மருந்தும் திரவமும் கொடுப்பார். அடைப்பில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் சிரிஞ்சில் ஊட்ட வேண்டும். உப்பிய வயிற்றுக்குள் நாமாகக் கூழைத் திணித்தால் நிலைமை மோசமாகும். ஊட்டும்போது நிமிர்ந்த நிலையில் பிடித்து, வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மறுபடி வரும் முதல் புழுக்கைகள் சிறுத்தும் கோணலாகவும்தான் இருக்கும். அதைப் பார்த்து ஊட்டுவதை நிறுத்திவிட வேண்டாம், எப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லட்டும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் இருக்கும். அந்த உடம்பில் 30 கிராம் குறைவதும் பெரிய விஷயம்.

ஒன்று பாக்கி இருக்கிறது, பல். அதன் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளரும். ஹே மெல்லாவிட்டால் கடைவாய்ப் பல் நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். தாடை ஈரமாக இருந்தாலோ, ஹேயை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தேடினாலோ பல்லைச் சந்தேகியுங்கள். குடல் தேக்கத்துக்குப் பல்தான் காரணம் என்று தெரிந்தால், ஒரு முறை தேய்த்துவிட்டதோடு முடியாது. மீண்டும் வளரும், மீண்டும் தேய்க்க வேண்டிவரும். அடுத்த பரிசோதனைத் தேதியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.