மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. மணி மாலை நாலரை. வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றுதான் பேசுகிறேன். மைக்கில் காற்றுச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்தக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரம் வந்தால் கட்டடக்கலையும் இன்டீரியரும் படிக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே கேள்வி. "அக்கா, வீடு மாடர்னாவும் இருக்கணும், எக்கோ ஃப்ரெண்ட்லியாவும் இருக்கணும், ஒரு ஐடியா சொல்லுங்க." கூடவே பின்டரெஸ்டில் எடுத்த பத்துப் படங்கள் வரும். எல்லாவற்றிலும் பெரிய கண்ணாடிச் சுவர், பக்கத்தில் செடிச் சுவர். அவற்றில் பாதிக்கு மேல் குளிர் நாட்டு வீடுகள். அங்கே வெயிலை உள்ளே கொண்டுவர வேண்டும். சென்னையில் அதை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

இப்படி வாருங்கள். இது மேற்குப் பார்த்த சுவர். கை வைக்கிறேன், சுடுகிறது. மதியத்திலிருந்து செங்கல் வாங்கி வைத்த சூடு இது. ராத்திரி நாம் படுத்த பிறகுதான் மெல்ல உள்ளே இறங்கும். கிழக்குச் சுவருக்குப் போனால் கையை எடுக்கவே தோன்றாது. உங்கள் ப்ராஜெக்ட் இங்கிருந்து தொடங்கட்டும். சாதாரண அறை வெப்பமானி ஒன்று வாங்கி, உங்கள் வீட்டில் மூன்று அறைகளில் காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்த எண்களை முதல் ஷீட்டிலேயே போடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் நானும் செடிச் சுவர் வைத்து ஒரு வீடு வரைந்தேன். ப்ராஜெக்ட்டை மதிப்பிடும் ஜூரியில் ஒருவர் இரண்டே கேள்வி கேட்டார்: இந்தச் சுவர் எந்தத் திசை? செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிளானில் வடக்கு அம்புக்குறியே போடவில்லை. 2019 கோடையில் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது அந்த இரண்டாவது கேள்வி திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் மாணவர்களின் செக்‌ஷன் டிராயிங்கில், அதாவது வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் படத்தில், மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயும் கீழே சம்ப்பும் இருப்பது அபூர்வம். தயவுசெய்து அதை வரையுங்கள்.

இன்டீரியர் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். சுவரை மாற்ற முடியாவிட்டாலும் அறைக்குள் இருக்கும் பொருளின் இடத்தை மாற்றலாம். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி வைத்துவிட்டு வார்ட்ரோபை அங்கே கொண்டுபோங்கள். பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். சூட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு தடுப்பு கிடைத்துவிடும். அப்புறம், கடல் காற்று நமக்குத் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்த ஜன்னலை அலமாரி வைத்து அடைக்காதீர்கள். வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு திறப்பும் வேண்டும்.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். கத்திரி வெயிலில் மேற்கிலிருந்து உலர்ந்த காற்று அடிக்கும் நேரத்தில் நன்றாக வேலை செய்யும். கடல் காற்று வந்து புழுக்கம் ஏறிய பிறகு தண்ணீர் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியும் அவ்வளவு கிடைக்காது. தட்டியைப் போட்டால் எந்த மணிக்கு அது உதவும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரியில் உங்கள் யோசனை தெரிந்துவிடும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010ல் திறந்தது, பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று வாங்கியது. ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குத்தான் அனுப்புவேன். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வளாகத்தின் வடிவமைப்பில், குறைந்த செலவு வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் பங்கும் உண்டு. மதியம் 2 மணிக்குச் செட்டிநாட்டு வீட்டுக்குள் போங்கள். முதலில் திண்ணை நிழல், பிறகு இருட்டான நடை, அப்புறம் வெளிச்சம் கொட்டும் முற்றம். கண்ணும் உடம்பும் படிப்படியாகத் தணிவதைக் கவனியுங்கள். ஃபோட்டோ எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள்.

பேக்கரின் எலிப்பொறிக் கட்டு, அதுதான் ராட் ட்ராப் பாண்ட், மாடல் செய்ய அருமையான விஷயம். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்குவார்கள். நடுவில் காற்று நிற்கும் வெற்றிடம் வரும். கிட்டத்தட்ட 25 சதவீதம் செங்கல் மிச்சம், வெப்பமும் உள்ளே வரத் தாமதமாகும். ஃபில்லர் ஸ்லாபும் அதே மாதிரி யோசனைதான். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைக் கம்பி தாங்கிக்கொள்கிறது, கான்கிரீட்டுக்கு அங்கே அதிக வேலை இல்லை. அதனால் அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்துவிடுகிறார்கள். கீழிருந்து பார்த்தால் அந்த ஓடே சீலிங் டிசைன். ஃபால்ஸ் சீலிங் செலவே இல்லை! இதைவிட மாடர்ன் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். சிமென்ட், மணல், வண்ணம் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைப்பது. சூளையில் சுடுவதே கிடையாது. ஜன்னல் திரைக்குக் கோரைப்பாயைப் பயன்படுத்திப் பாருங்கள், நிழலும் வரும், ஓரளவு காற்றும் வரும்.

சரி, வெளிச்சம் குறைகிறது. நாளைக் காலையிலிருந்து குறிக்க ஆரம்பியுங்கள். ஒரு வாரம் கழித்து மூன்று அறைக் கணக்கையும், வடக்கு அம்புக்குறி போட்ட பிளானையும் எனக்கு அனுப்புங்கள். அதில் ஒரு வீட்டை எடுத்து அடுத்த வீடியோவில் உங்களோடு சேர்ந்து வரைகிறேன்.