முதலாளி இறந்துவிட்டார், அவருடைய மனைவியிடம் என்ன பேசுவது?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "11 வருடம் ஒருவரிடம் வேலை பார்த்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவர்தான். போன மாதம் தவறிவிட்டார். அவருடைய மனைவியை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன். இப்போது போகலாமா, கடிதம் எழுதலாமா, என்ன சொல்வது?"

தம்பி, தாமதமாகிவிட்டது என்று நினைத்துத்தான் தயங்குகிறீர்கள். தாமதமே இல்லை. முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அந்த அம்மாவுக்கு எதுவும் மனதில் நின்றிருக்காது. இப்போதுதான் ஃபோன் ஓய்ந்திருக்கும், வந்தவர்கள் எல்லாம் கிளம்பியிருப்பார்கள். இந்தச் சமயத்தில் வரும் ஒரு கடிதத்தை அவர் ஊன்றிப் படிப்பார்.

என்ன சொல்வது என்பதற்கு, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். என்னை ஆளாக்கிய முதலாளி இறந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவைப் பார்த்ததும், "எனக்கு அப்பா போனது மாதிரி இருக்கிறது, இனி நான் யாரிடம் போவேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். என்ன நடந்தது தெரியுமா? அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து என்னைத் தேற்றினார். கணவரைப் பறிகொடுத்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது வலிக்கிறது.

நம் துக்கம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அளவு வேறு. 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, அவை மனிதரை எவ்வளவு உலுக்குகின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். நெருங்கிய நண்பரின் சாவுக்கு 37. கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100, பட்டியலிலேயே அதுதான் உச்சம். நீங்கள் அந்த 37-ஐ மனதில் வைத்துக்கொண்டு, 100-ஐச் சுமக்கிறவர் முன்னால் போய் உட்காரப் போகிறீர்கள். அதனால் "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். 1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது விக்டோரியா மகாராணி அவருடைய மனைவி மேரிக்குத் தன் கைப்பட எழுதினார். கணவரை இழந்து நொறுங்கிப்போயிருக்கும் என்னைவிட உங்கள் நிலை யாருக்குத் தெரியும் என்ற பொருளில் எழுதினார். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட்டைப் பறிகொடுத்தவர் அவர். அவர் அப்படி எழுதலாம். நாம் எழுத முடியாது.

அப்படியானால் நம்மிடம் சொல்ல என்னதான் இருக்கிறது? இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. அந்த மனிதர் விழித்திருந்த நேரத்தில் பாதி உங்களோடுதான் கழிந்தது. அந்தப் பாதியை அந்த அம்மா பார்த்ததே இல்லை.

நான் அழுதுகொண்டிருந்த அதே அறையில், எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவரும் இருந்தார். அதிகம் பேசாதவர். மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்கள் ஃபோன் பண்ணினால் ஐயா வேலையாக இருக்கிறேன் என்று சீக்கிரம் வைத்துவிடுவார் இல்லையா? வைத்த பிறகும் அந்த ஃபோனைக் கீழே வைக்கமாட்டார். கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் அடுத்த ஃபைலை எடுப்பார்." அன்றைக்கு முதல் தடவையாக அந்த அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? எத்தனை நாள் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீங்களும் அப்படி ஒன்றைத் தேடுங்கள். "நல்ல மனிதர், தங்கமான குணம்" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று வேண்டும். நீங்கள் முதல் தடவை பெரிய தப்புச் செய்தபோது அவர் என்ன சொன்னார்? மனைவியைப் பற்றி உங்களிடம் எப்போதாவது பேசினாரா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம். ஒரு பக்கம் போதும். "பதில் எழுத வேண்டியதில்லை அம்மா" என்று முடித்துவிடுங்கள், அவருக்கு அது பெரிய நிம்மதி.

"ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதையும் தவிர்த்துவிடுங்கள். யோசித்துக் கேட்கிற வேலை அவர் தலையில்தான் விழும். அலுவலகத்திலிருந்து வர வேண்டிய காகிதங்கள் இருந்தால், "அவற்றை வாங்கி நானே கொண்டுவருகிறேன், எந்த நாள் சௌகரியம்?" என்று கேளுங்கள். முதலாளியின் மேசையில் இருக்கும் கண்ணாடி, பேனா, டைரி எல்லாவற்றையும் கேட்காமல் பெட்டியில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். சிலருக்கு அதைப் பார்க்கத் தெம்பு வர மாதக்கணக்கில் ஆகும். கம்பெனியை இனி யார் நடத்துவார்கள், உங்கள் வேலை என்ன ஆகும் என்ற பேச்சை எடுக்கவே கூடாது.

நேரில் போனால் அவர் அழலாம். நாம் சொன்னதால்தான் அழுகிறார் என்று பேச்சை மாற்றிவிடாதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்ல எல்லோரும் பயப்படும் வீட்டில் நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவராகவே, "அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்பார்.