துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் ஜார்ஜ் வாஷிங்டனும், 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனமும், 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸும் நம் நினைவுக்கு வருவார்கள். அந்தக் காரன்வாலிஸ்தான் ஐந்தே ஆண்டுகளில் தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்து, பின்னர் திப்பு சுல்தானோடு போரிட்டவர். இன்று நான் பேசவிருப்பது போர்க்களத்தைப் பற்றியன்று. அதற்கு முந்தைய, 1765 முதல் 1775 வரையிலான பத்து ஆண்டுகளைப் பற்றி. பிரிட்டனின் ஆட்சி அந்த ஆண்டுகளிலேயே ஊர் ஊராகக் கைநழுவிப் போய்விட்டது என்பது என் உறுதியான கருத்து. விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜான் ஆடம்ஸும் தம் முதுமையில், 1818இல் எழுதிய கடிதமொன்றில், போர் தொடங்கும் முன்பே மக்களின் மனத்தில் புரட்சி நடந்து முடிந்துவிட்டது என்றே எழுதினார்.

1763இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரான்சை வென்ற பிரிட்டன் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. வட அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பங்கை அங்குள்ள குடியேற்றங்களே ஏற்கட்டும் என்று, 1765 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றம் முத்திரைச் சட்டத்தை இயற்றியது. வழக்குப் பத்திரம், செய்தித்தாள், உரிமம் ஆகியவற்றோடு சீட்டுக்கட்டுக்கும்கூட வரி விதிக்கப்பட்டது. தங்கள் சட்டமன்றங்களின் வழியே தாங்களே வரி விதித்துக்கொண்டு பழகிய மக்களுக்கு, ஓர் உறுப்பினரைக்கூடத் தாங்கள் தேர்ந்தனுப்பாத ஓர் அவை தங்கள் பணத்தில் கைவைப்பது பொறுக்கவில்லை. போஸ்டன் நகரில் முத்திரைத்தாள் விற்பனைக்கு அமர்த்தப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள்; அன்றிரவே ஒரு கூட்டம் அவர் வீட்டுக்குள் புகுந்து சூறையாடியது; அவர் பதவி விலக இசைந்தார். மற்ற ஊர்களிலும் விற்பனையாளர்கள் ஒவ்வொருவராக விலகவே, நவம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான இடங்களில் முத்திரைத்தாளை விற்க ஆளே இல்லை. நியூயார்க், பிலடெல்பியா, போஸ்டன் வணிகர்கள் பிரிட்டன் சரக்கை வாங்க மறுத்தார்கள். விற்பனை சரிந்து நொந்த பிரிட்டன் வணிகர்களே நாடாளுமன்றத்திடம் முறையிட, 1766 மார்ச்சில் சட்டம் நீக்கப்பட்டது.

1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின்மீது புதிய தீர்வை வந்தபோது மக்கள் என்ன செய்யவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். இம்முறை பெண்களின் பங்கு பெரிது. சீமைத்துணியை ஒதுக்கிவிட்டு, வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் ஊர்களில் பாதிரியார் வீடுகளில் ராட்டையோடு கூடி நாள் முழுவதும் நூல் நூற்றார்கள். உடன்பாட்டை மீறி இறக்குமதி செய்த வணிகர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் வெளியாயின. இதில் வன்முறையும் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மறுத்தவர்களை மிரட்டினார்கள்; சுங்க அலுவலர்கள், ஒற்றர்கள் என்று கருதப்பட்ட சிலர்மீது தாரைப் பூசி, இறகுகளை ஒட்டி, தெருவில் இழுத்துச் சென்றார்கள்.

1770இல் மற்றத் தீர்வைகள் நீங்கின. ஒரு ராத்தல் தேயிலைக்கு மூன்று பென்னி என்பது மட்டும் நீடித்தது. வரி விதிக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை நிலைநாட்டவே லண்டன் அதை வைத்திருந்தது. 1773இல் கடன் நெருக்கடியில் சிக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற, அது தன் தேயிலையை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பி விற்கலாம் என்று தேயிலைச் சட்டம் அனுமதித்தது. இதன் விளைவாக, கம்பெனி சீனாவிலிருந்து வாங்கிவந்த அந்தத் தேயிலையின் விலை குறையும் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விலை குறைந்த தேயிலையை அம்மக்கள் ஏன் மறுத்தார்கள்? டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் நலனும் அதில் கலந்திருந்தது உண்மை. எனினும் மலிவு விலையில் மயங்கி ஒரு கோப்பை வாங்கினாலும், தங்கள் சம்மதமின்றி வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டவர்களாவோம் என்ற தெளிவு சாதாரண மக்களுக்கே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. அமெரிக்க வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் எழுதியதாகக் கருதப்படும் ஒரு கட்டுரை, வங்கத்தில் பஞ்சத்தால் எண்ணற்றோர் மடிந்ததைச் சுட்டிக்காட்டி, ஆசியாவில் கம்பெனி நடந்துகொண்ட விதமே அமெரிக்காவுக்கு எச்சரிக்கை என்றது.

பிலடெல்பியாவுக்கு வந்த தேயிலைக் கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பியது. போஸ்டனிலோ ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் கப்பல்களைத் திருப்பியனுப்ப மறுத்தார்; அவருடைய மகன்கள் இருவர் அந்தத் தேயிலையை விற்கும் முகவர்களாக இருந்தார்கள். டிசம்பர் 16 மாலை, பழைய தெற்குக் கூட்ட மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி அவருடைய இறுதி விடைக்குக் காத்திருந்தார்கள். மறுப்பு வந்தது. மோஹாக் பழங்குடியினரைப் போல வேடமிட்ட ஒரு கூட்டம் மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியது.

தண்டனையாக 1774இல் போஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. போஸ்டன் அமைந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சி உரிமைகள் பறிக்கப்பட்டன. ஓர் ஊரைத் தனிமைப்படுத்தினால் மற்றவை அஞ்சும் என்று அமைச்சர்கள் எண்ணினார்கள். ஆனால் மற்றக் குடியேற்றங்கள் துணைக்கு வந்தன: தென் கரோலினாவிலிருந்து அரிசியும் கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் போஸ்டனுக்கு வந்தன. போஸ்டனில் சாமுவேல் ஆடம்ஸ் 1772இல் தொடங்கிய கடிதத் தொடர்புக் குழுவைப் போன்றவை அதற்குள் பல குடியேற்றங்களிலும் உருவாகிவிட்டதால், செய்தி குதிரைமீது விரைந்தது. செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, பிரிட்டன் சரக்கை முற்றாக நிறுத்தவும், அதைக் கண்காணிக்க ஒவ்வொரு வட்டாரத்திலும் வாக்காளர்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கவும் தீர்மானித்தார்கள். இந்தக் குழுக்களே என் பார்வையில் மிக முக்கியமானவை. வணிகரின் கணக்கைச் சோதிப்பதும், விலையைக் கண்காணிப்பதும், நாளடைவில் ஊர்ப்படையைத் திரட்டுவதும் அவற்றின் கைக்கு வந்தன. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் முதல் குண்டு வெடித்தபோது, அரசரின் ஆளுநர்கள் பலருக்குத் தங்கள் மாளிகைக்கு வெளியே ஆணையிட ஆளில்லை.

இந்த வரலாற்றில் நான் தவிர்க்கக்கூடாத இன்னொரு குரல் உண்டு. 1773 ஏப்ரலில், தேயிலை கடலில் விழுவதற்கு எட்டு மாதம் முன்னர், போஸ்டனில் அடிமைகளாயிருந்த ஃபீலிக்ஸ் ஹோல்புரூக் உள்ளிட்ட கறுப்பினத்தார் நால்வர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். தங்களை அடிமைப்படுத்த முயல்வோரை இத்துணை உறுதியோடு எதிர்த்து நிற்பவர்களிடம் தாங்களும் பெரிதாக எதிர்பார்ப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் எழுந்த எல்லா முழக்கங்களையும்விட அந்தக் கடிதமே உரிமை என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டது என்று நான் கருதுகிறேன். அதற்கு உரிய விடை வரவில்லை. சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்துத் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய பகுதியை, 1776இல் குடியேற்றப் பிரதிநிதிகளின் பேரவை நீக்கிவிட்டது. மாசசூசெட்ஸில் 1780களின் தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே அடிமைமுறை ஒழியத் தொடங்கியது. நாடு முழுவதும் ஒழிவதற்கு, இன்னொரு பெரும் போரைக் கடந்து, 1865ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

வணக்கம்.