கயிற்றிலிருந்து அரிவாள் வரை: பள்ளி மாணவரிடையே சாதி வன்முறை

(திரையில்: திருநெல்வேலி மாவட்ட வரைபடம், நாங்குநேரி பெரிதாகிறது.)

2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்களில் அவருடன் ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமலிருந்த அவர், நடந்ததைப் பள்ளியில் சொன்ன பிறகே இது நிகழ்ந்தது.

முதலில் சீண்டல், அடுத்து பள்ளிக்கு முழுக்கு, அதற்கடுத்து புகார், கடைசியாகத்தான் அரிவாள். தடுப்பதற்கான வாய்ப்பு முதல் மூன்று கட்டங்களில்தான் இருந்தது.

(திரையில்: மணிக்கட்டில் வண்ணக் கயிறுகள்.)

தென் மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறமே மாணவரின் சாதியைச் சொல்லிவிடும். கேட்டால், “கோயில் கயிறு சார்” என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்கப் பல ஆசிரியர்கள் தயங்குவார்கள். படிப்பிலோ விளையாட்டிலோ பெயர் எடுக்க முடியாத பதினாறு வயதுப் பையனுக்கு, அவன் ஏங்கும் ‘கெத்தை’ அந்தக் கயிறு ஒரே நாளில் கொடுத்துவிடுகிறது. மீசை அரும்பாத பையன்களின் படத்தைத் திருவிழா ஃபிளெக்ஸில் சாதித் தலைவர்களுக்குப் பக்கத்தில் அச்சிடும் பெரியவர்கள்தான் இதற்குத் தீனி போடுகிறார்கள் (பையன்களை மட்டும் குற்றம் சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது). ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் ஒருவர் நன்றாகப் படித்தாலே இந்தக் கூட்டத்தின் கண்ணை உறுத்தும்.

கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இலேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் அறிவித்துவிட்டார்.

(திரையில்: 2024 ஜூன், ஒருநபர் குழுவின் அறிக்கை.)

நாங்குநேரி நிகழ்வையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், மாணவர்களை அகர வரிசையில் அமர வைக்கவும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளவும் பரிந்துரைத்தது. இவற்றில் அகர வரிசை சாதாரணமாகத் தோன்றினாலும், கூட்டமாக உட்கார்ந்து ஒருவரைத் தனிமைப்படுத்தும் பழக்கத்தை அது நேரடியாகக் கலைக்கிறது.

கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. புகார் வந்த அன்றைக்குப் பள்ளி என்ன செய்கிறது என்பதே முக்கியம். புகார் கொடுத்தவரின் பெயரைக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் முன்னால் வாசித்து, இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்புவது சமரசம் ஆகாது. அது அவரைக் காட்டிக்கொடுப்பதாகும். புகாரைத் தனியறையில் கேட்டு, இரு தரப்புப் பெற்றோரையும் வெவ்வேறு நேரத்தில் வரவழைத்து, மிரட்டல் இருந்தால் அன்றே காவல்துறைக்குச் சொல்லி, மாணவர் பாதுகாப்பாக வீடு போய்ச் சேர்ந்ததை உறுதி செய்ய வேண்டும். தொல்லை கொடுத்தவருக்கு டி.சி. கொடுத்துவிட்டால் பள்ளிக்குத் தலைவலி தீரலாம். ஆனால் பகலெல்லாம் வேலையில்லாத அந்தப் பையனை, கயிறு கட்டிவிட்ட அதே கூட்டம் தெருமுனையில் சேர்த்துக்கொள்ளும்.