வைக்கோல் நிறத்து பிட்டரும் நம் தெருமுனைப் பப்பும்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட பாதிரியார் அவர்களே, மதியத்திலிருந்து சமோசா பொரித்த மகளிர் அணிச் சகோதரிகளே, பொருளாளர் அண்ணன் அவர்களே (இத்தனை நாற்காலியையும் அவர் ஒருவரே போட்டார், ஒரு கைதட்டல் கொடுங்கள்), மான்செஸ்டர் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். பிட்டர் என்று இங்கே சொல்லும் கசப்பான ஆங்கிலேய பீரில் வெளிர் நிற வகையை எப்படிச் சுவைப்பது, அது ஏன் இந்த ஊரின் பீர், மூன்றாவதாக அதை ஊற்றும் நம் தெருமுனைப் பப்பை எப்படிக் காப்பாற்றுவது. என் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு பழமொழி உண்டு, பதறாத காரியம் சிதறாது. பீப்பாய் பீருக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு எனக்குத் தெரியாது.

2003இல் இந்த ஊரில் வந்து இறங்கினேன். முதல் வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் எல்லோரும் பப்புக்குப் போகிறோம், நீயும் வா என்றார்கள். நான் கொஞ்சம் முன்னாடியே போய்விட்டேன். மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன், காத்திருந்தேன், அரை மணி நேரம் ஓடிவிட்டது, யாரும் வரவில்லை. பக்கத்து மேசைத் தாத்தா ஒருவர்தான் இரக்கப்பட்டு, இங்கே நாமேதான் எழுந்து போய்க் கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னார். போனேன். பீர் என்றேன். பாரில் ஊற்றிக்கொடுக்கும் அம்மா கைப்பம்பை மூன்று தடவை இழுத்து, வைக்கோல் நிறத்தில், மேலே பாலாடை மாதிரி நுரையோடு ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) வைத்தார். அதுதான் பாடிங்டன்ஸ், இந்த ஊர் பிட்டர். ஒரு வாய் குடித்தேன். ஜில்லென்று இல்லை, சுரீர் என்று ஏறவும் இல்லை. இது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்! பார் முழுக்க அமைதி.

அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. தனக்கு ஒரு வாய் ஊற்றிச் சுவைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு லவ், என்கூட வா" என்று சொல்லி (இங்கே எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னைப் படியிறக்கி நிலவறைக்குக் கூட்டிப்போனார். சுமார் 12 டிகிரி, நம் ஊர் மண்பானைத் தண்ணீர் மாதிரி ஒரு இதமான குளிர். ஒன்பது கேலன் பீப்பாய்கள் படுத்திருந்தன, ஒவ்வொன்றும் 72 பைன்ட். மேலே ஒரு சின்ன மரமுளை, அதன் வழியாக பீர் மூச்சு விடுகிறது. உள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வாயு ஏற்ற வேண்டியதில்லை, அதுவே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. வந்த உடனே ஊற்றக் கூடாது, அது அடங்கித் தெளியும்வரை பொறுக்க வேண்டும், திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும் என்றார். எனக்கு அந்த இருட்டில் பாட்டி குரல் கேட்டது. பதறாத காரியம் சிதறாது.

மேலே வந்து அதே கிளாஸை மெதுவாகக் குடித்தேன். முதலில் பிஸ்கட் போல மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசனை, அப்புறம் எலுமிச்சைத் தோலைக் கடித்தது போல ஹாப் பூவின் கசப்பு, விழுங்கிய பிறகு நாக்கைக் காயவைத்து இன்னொரு வாய் கேட்க வைக்கிறது. பாகற்காயும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கசப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐஸ் போல குளிர்ந்திருந்தால் இதில் பாதி தெரியாது, அதனால்தான் அந்த 12 டிகிரி. சைவக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது சேர்க்காத பீரும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இதே ஊரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் பகுதியில் 1778இல் ஆரம்பித்த பாடிங்டன்ஸ் ஆலை 1989இல் விட்பிரெட் என்ற பெரிய பீர் நிறுவனத்தின் கைக்குப் போனது, பிறகு இன்டர்புரூ என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்கு. 2005இல் மூடினார்கள். ஊருக்கே அடையாளமாக நின்ற அந்தப் புகைபோக்கியும் இப்போது இல்லை. பீப்பாய் பாடிங்டன்ஸ் சில வருஷம் வேறொரு ஆலையில் காய்ச்சப்பட்டு 2012இல் நின்றது. 2025இல்தான் பக்கத்து மிடில்டன் ஜங்ஷனில் இருக்கும் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை மறுபடி காய்ச்ச ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அது சொந்தக்காரர் ஊர் திரும்பிய மாதிரி.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சிலர் அம்மையார் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பீர் திரும்பி வந்துவிட்டது சரி, அதை ஊற்ற பப் இருக்க வேண்டாமா? நம் தெருமுனைப் பப்பை விற்கப் போகிறார்கள். குடிக்காதவர்களும் அங்கே வருகிறார்கள், எலுமிச்சை ஜூஸோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் நமக்குத் திண்ணை இருந்தது, இங்கே இதுதான் திண்ணை. கோவிட் முடிந்து நாம் முதலில் சந்தித்ததும் அங்கேதான், மறந்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் 2011 உள்ளாட்சிச் சட்டப்படி (Localism Act) அந்தப் பப்பைச் சமூகச் சொத்து என்று கவுன்சிலின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாம் விண்ணப்பிக்கலாம். சேர்த்துவிட்டால், விற்பதற்கு முன் உரிமையாளர் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்க விரும்புகிறோம் என்று நாம் ஆறு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சின்ன ஊர்க்காரர்கள் 2003இலேயே தங்கள் ஓல்ட் கிரவுன் பப்பைச் சேர்ந்து வாங்கினார்கள், லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸை 2013இல் வாங்கினார்கள். ஒரே நாளில் இல்லை, பதறாத காரியம் சிதறாது.

நம்மைப் போன்ற பதிவில்லாத குழு விண்ணப்பிக்க, இங்கே வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் வேண்டும். இந்திய, இலங்கை, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இங்கே வாக்காளராகப் பதியலாம், இது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. இதுவரை 14 கையெழுத்து வந்திருக்கிறது. படிவம் சமோசாத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது, பேனா பொருளாளர் அண்ணனிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், ஏழு பேர்தான் பாக்கி.